எழுந்திருக்க அனுமதி இல்லை

போன வாரம் திங்கட்கிழமை காலை ஏழு மணி. நானே உட்கார்ந்து, நானே யோசித்து, நானே எழுதிய ஒரு சட்டம் என்னையே வாசலில் நிறுத்தி, 'உனக்கு அனுமதி இல்லை' என்றது. அதுவும் நைட்டிக்கு மேல் ஒரு தோர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு, தலைகூட வாராமல் ஓடிப்போய் நின்றவளைப் பார்த்து.

வாசல் என்றால் வீட்டு வாசல் இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் வாசல்.

உடனே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தப் பத்தியில் வாராவாரம் மீன்காரரோடு நான் போடும் சண்டையையும், படகுத்துறையில் குடை தொலைத்த கதையையும் படித்துப் பழகியவர்களுக்கு, 'இவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்' என்று தோன்றலாம். இருக்கிறது. வெலிங்டன் தீவில் ஒரு ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். ரிட்டயர் ஆனபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரம் நின்றுவிட்டது. புத்திதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது — சில சமயம் தேவைக்கு மேலேயே.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டயாலிசிஸ் சென்டர் உண்டு. பழைய மிளகு கோடவுனைச் சுத்தம் செய்து, டைல்ஸ் பதித்து, ஐந்து மெஷின் போட்டு, ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. நல்ல மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து லேசாக மிளகு வாசனை வரும்.

எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் இருக்கும் சுபைதா இத்தாவுக்கு மூன்று வருஷமாக அங்கேதான் டயாலிசிஸ். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால்தான் இத்தா — அக்கா. இந்தத் தெருவில் நான் தமிழிலேயே சண்டை போடக்கூடிய ஒரே ஆள். திங்கள், புதன், வெள்ளி — நாலு மணி நேரம் அவர் மெஷினில், நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில்.

சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? முதல் வாரமே நோயாளிகளின் ஃபைல்கள் அட்டைப் பெட்டிகளில் கிடப்பதைப் பார்த்துவிட்டேன். யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், ரத்தத்தை வடிகட்ட எந்த ஃபில்டர் போட வேண்டும், எந்த மருந்து கூடாது — எல்லாம் பழுப்பேறிய காகிதத்தில். டிரஸ்ட்காரர்களிடம் பேசி, யாரோ தானமாகக் கொடுத்த ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, நோயாளி விவரங்களை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தேன். சம்பளம்? சுலைமானி டீ. எலுமிச்சை பிழிந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்குச் சென்டரில் கிடைத்த மரியாதை எனக்கே கிடைத்ததில்லை. 'இது ஓஃபாக்கருது' — அணைக்கக் கூடாது — என்று மலையாளத்தில் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். ஆயுத பூஜைக்கு ஒருவர் சந்தனம் வைத்தார். பக்கத்திலேயே ஒரு சின்ன மாதா படம் வந்தது. வேலை நேரம் முடிந்தால் எல்லா விளக்கும் அணையும், ஏ.சி. அணையும், இது மட்டும் அணையாது. கரண்ட் போனால் யு.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். 'வருஷம் ஒண்ணு தாண்டியாச்சு, ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல' என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமை வேறு. நானும் சேர்ந்துதான் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமைதான் வினை.

சில மாதங்களுக்கு முன் வேறு ஏதோ ஊரில், ஏதோ ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டரை எங்கிருந்தோ ஒருவன் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினானாம். செய்தி வாட்ஸப்பில் வந்ததும் டிரஸ்ட் கமிட்டி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது: "நம்ம மெஷினுக்குப் பூட்டு இருக்கோ?"

"இருக்கு" என்றேன் கம்பீரமாக. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது — இருக்கிறது, ஆனால் எந்தத் திருடனும் தோளால் தள்ளினால் திறக்கும்.

சாதாரணமாக ஒரு கம்ப்யூட்டரில் எப்படி என்றால், ஒரு ஃபைல் யாருடையதோ அவர் இஷ்டம். யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடலாம். எல்லோருக்கும் மேலே 'ரூட்' என்று ஒரு சர்வாதிகாரி, அவருக்கு எதுவும் தடையில்லை. ஆகவே திருடன் என்ன செய்வான்? ரூட் வேஷம் போட்டுக்கொண்டு வருவான். கதை முடிந்தது.

இதற்கு மாற்றாக இன்னொரு முறை இருக்கிறது. மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோல் என்பார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்று ஒரு சட்டப் புத்தகம். அதில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. சொந்தக்காரர் சம்மதித்தாலும் இல்லை. ரூட்டே வந்து நின்றாலும் இல்லை.

புரியவில்லையா? எங்கள் சென்டரின் தலைமை நர்ஸ் லிஸி சிஸ்டரைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். மெஷின்கள் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. டிரஸ்ட் தலைவர் — அந்தக் கட்டிடத்தையே தானம் கொடுத்தவர் — ஒருநாள் விருந்தாளிகளோடு ஷூ போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார். லிஸி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சார், ஷூ." அவ்வளவுதான். கட்டிடம் யாருடையதாக இருந்தால் என்ன? அவர் குனிந்து லேஸைக் கழற்றும்வரை கை இறங்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அதே குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மனுஷ புத்தி.

சட்டப் புத்தகத்தை எப்படி எழுதுவது? நம் கம்ப்யூட்டருக்கு என்னென்ன தேவை என்று நமக்கே முழுசாகத் தெரியாதே. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் தடுக்காமல் கவனிக்க மட்டும் சொல்லலாம். 'சட்டம் அமலில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பேன்' என்று அது ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரும். அதைப் பார்த்து, நியாயமான வேலைகளுக்கெல்லாம் அனுமதி எழுதிவிட்டு, பிறகு அமல்படுத்தலாம்.

முழுசாக ஒரு மாதம் கவனிக்க விட்டேன். அவசரக்காரி என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். வந்த குறிப்புகளை வரி வரியாகப் பார்த்து அனுமதி எழுதினேன். கடைசி வாரத்தில் குறிப்பேடு காலி. ஒரு முனகல்கூட இல்லை. அமல்படுத்தினேன். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் யார்? இன்னும் மூன்று பூட்டுப் போட்டேன். ரூட்டின் கையைக் கட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் யாரும் சட்டத்தைத் தளர்த்த முடியாதபடி செய்தேன். தளர்த்த வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கண் விழிக்கும் அந்த ஒரு சில நொடியில், பூட் மெனுவில்தான் முடியும். அந்த மெனுவுக்கும் ஒரு நீளமான பாஸ்வேர்ட்.

சுபைதா இத்தா மெஷினில் படுத்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடீ கோமதி, கல்யாண வீட்டு நகைப்பெட்டிக்குக்கூட இத்தனை பூட்டு இல்லை. உள்ள என்னதான் இருக்கு?"

"நீங்கதான் இருக்கீங்க, இத்தா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை டயாலிசிஸின்போது இத்தாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, பிரஷர் வேறு இறங்கியது. சமாளித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் போன் செய்தாராம்: "திங்களாழ்ச்சக்கு ஒரு மாற்றம் எழுதி வெச்சிருக்கேன், சிஸ்டர் பார்த்துக்கும்." என்ன மாற்றம் என்று அவர் சொல்லவில்லை. இத்தாவும் கேட்கவில்லை. அவர்தான் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டாரே.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு லீவு. எங்கள் பக்கம் லைனில் ஏதோ மராமத்து, பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். முடிந்தவரை தாங்கிவிட்டுக் கையை விரித்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நிற்காத கம்ப்யூட்டர் நின்றது. அன்றைக்கே இத்தா தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கலூர் போய், பிரியாணியும் மூன்று கிளாஸ் நாரங்கா வெள்ளமும் — அதுதான் லெமன் ஜூஸ் — உள்ளே தள்ளிவிட்டு வந்திருந்தார். டயாலிசிஸ்காரர்களுக்குக் குடிக்கிற ஒவ்வொரு வாய் நீரும் எண்ணிக்கை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி வேறு.

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு லிஸியின் போன். எங்கள் தமிழ் நோயாளிகளிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த ஒரு தமிழ் பேசுவாள்.

"சேச்சி, வேகம் வரணும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கலை. சுபைதா இத்தா ஆட்டோல வந்தாச்சு. மூச்சு முட்டுது."

ஓடினேன்.

இத்தா நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகத்தான் பேச முடிந்தது. மற்ற நாலு பேருக்கும் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை என்று டாக்டர் சனிக்கிழமையே நர்ஸ்களிடம் சொல்லிவிட்டார். பழைய பிரின்ட்-அவுட்டைப் பார்த்து லிஸி அவர்களை மெஷினில் போட்டுவிட்டாள். இத்தாவுக்கு மட்டும் ஏதோ மாறியிருக்கிறது. என்ன என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. டாக்டர்? காலை விமானத்தில் டெல்லிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். போன் ஓஃப்.

திரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கண் விழிக்கிறது. சட்டப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறது. பிறகு நோயாளி விவரங்கள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கைத் திறக்கப் போகிறது — அனுமதி இல்லை. மறுபடி — அனுமதி இல்லை. மூன்றாவது தடவையும் அதே பதில் வந்ததும், ஒரு கறுப்புத் திரையைக் காட்டி ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது.

கொடுத்தேன். உள்ளே விட்டது. டிஸ்க்கை நானே கையால் திறக்கப் பார்த்தேன்.

அனுமதி இல்லை.

சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். அனுமதி இல்லை. யாருக்கு? எனக்கு. நான் எழுதிய சட்டத்தில், நான் கட்டிப் போட்ட ரூட்டாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த இரண்டாவது டிஸ்க்கைச் சரிபார்த்துத் திறப்பது மூன்று வருஷம் முன்பு நானே எழுதிய ஒரு குட்டிப் புரோகிராம். கம்ப்யூட்டர் எழும்போது ஒரே ஒரு தடவை ஓடும், பிறகு படுத்துவிடும். நான் கவனித்த அந்த ஒரு மாதத்தில் கம்ப்யூட்டர் ஒரு தடவையாவது எழுந்ததா? தூங்கினால்தானே எழ? நாங்கள்தான் அதை அணைப்பதே பாவம் என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தோமே. பகல் முழுக்க அது என்னென்ன செய்யும் என்று கவனித்து, பகலுக்கு மட்டும் சட்டம் எழுதியிருக்கிறேன். எழுந்திருக்க என்ன தேவை என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் பையனைப் பார்க்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அவன் எப்படி எழுகிறான், எழுந்ததும் யார்மேல் எரிந்து விழுகிறான் — அதை யார் பார்த்தார்கள்? அது பெண்ணுக்குத்தான் தெரியவரும், கல்யாணத்துக்கு மறுநாள்.

இந்தத் தத்துவமெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்றைக்கு எனக்கு இத்தாவின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

லிஸி கலூரில் இருக்கும் இன்னொரு டாக்டரைப் போனில் பிடித்தாள். என்ன மாறியது என்று தெரியாமல் தொடங்க வேண்டாம், அரை மணி நேரம் பாருங்கள், இல்லையென்றால் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார் அவர். ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றுவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் எர்ணாகுளம் போகிற வழியில் தோப்பும்படி பாலத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கூல் பஸ், ஆபீஸ் கார், அதற்கு நடுவில் மூச்சு முட்டும் ஒரு அம்மாள்.

இத்தாவே வாயைத் திறந்தார்.

"லிஸி... பழைய மாதிரியே... போடு."

"பற்றில்ல இத்தா, முடியாது. என்ன மாற்றம்னு எனக்குத் தெரியணும்."

"என் உடம்பு... நான் சொல்றேன்... எழுதித் தர்றேன்... என் பொறுப்பு."

"இல்ல."

"நீ ஒரு... கல்நெஞ்சுக்காரி... உனக்கு என் வயசு வரும்... அப்பத் தெரியும்."

லிஸி இத்தாவின் ஆக்சிஜன் குழாயைச் சரி செய்தாள். பிரஷர் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. உடம்பு இத்தாவுடையது. அவர் சம்மதம் கொடுக்கிறார். இன்னும் என்ன?

நான் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். பூட் மெனு வந்தது. இங்கே ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இந்த ஒரு தடவை சட்டம் தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும். மெனு பாஸ்வேர்ட் கேட்டது.

இருபத்திரண்டு எழுத்து. எனக்கு நினைவில் இல்லை. பத்திரமாக எழுதி வைத்திருந்தேன். எங்கே? சிரிக்காதீர்கள். அதே கம்ப்யூட்டரில், அதே இரண்டாவது டிஸ்க்கில்.

நினைவிலிருந்து அடித்துப் பார்த்தேன். தப்பு. இன்னொரு தடவை. தப்பு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "லிஸி, எனக்குப் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லிஸி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவசர மருந்துகள் இருக்கும் சிவப்பு டிராலிக்குப் போனாள். மேல் தட்டைத் திறந்து, ஊசி மருந்துகளுக்கு நடுவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். என் கையெழுத்து. ஒட்டிய இடத்தின் மேல் அவள் கையெழுத்து.

எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பூட்டுகளை எல்லாம் போட்டு முடித்த அன்று லிஸி என்னிடம் கேட்டாள்: "இது சேச்சிக்கு மாத்திரம்தான் தெரியுமா? சேச்சிக்கு நாளைக்கு ஏதாவது சம்பவிச்சால்?" நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு காகிதத்தில் கிறுக்கி, கவரில் போட்டு, கிட்டத்தட்ட அவள் மேல் வீசினேன். இதெல்லாம் தேவையில்லாத வேலை என்று வீட்டுக்கு வரும்வழியில் முணுமுணுத்தேன்.

அவள் அதைப் பத்திரப்படுத்தியதோடு நிற்கவில்லை. எங்கள் சென்டரில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது, போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து நின்று, அந்த டிராலியில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் வாய்விட்டு எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கொடுத்த கவரையும் லிஸி அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டிருக்கிறாள். 'அட்ரினலின் ஆறு, அட்ரோபின் ஆறு, கோமதி சேச்சி கவர் ஒண்ணு.' ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இத்தனை நாளாக, நான் மறந்தே போன ஒரு காகிதத்தை இந்தப் பெண்கள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கவரைக் கிழித்தேன். இருபத்திரண்டு எழுத்தை லிஸி ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் அடித்தேன். மெனு திறந்தது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. 'இதைத் தடுத்திருப்பேன், அதைத் தடுத்திருப்பேன்' என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது. ஆனால் தடுக்கவில்லை. டிஸ்க் திறந்தது. சுபைதா இத்தாவின் பெயரைத் தட்டினேன்.

டாக்டர் எழுதியிருந்தது இரண்டே வரி. வெள்ளிக்கிழமை வந்த அரிப்புக்கும் பிரஷர் இறங்கியதற்கும் காரணம் அவருக்குப் போடும் ஃபில்டர் என்று தெரிகிறது. எக்காரணம் கொண்டும் அதை மறுபடி போட வேண்டாம், வேறு வகை போடவும்.

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் டிரேயில் எல்லாம் தயாராக இருந்தது. அதில் அந்தப் பழைய ஃபில்டர். இத்தா கெஞ்சியபோது லிஸி இளகியிருந்தால், நான் நினைத்தபடி யாராவது அவளைத் தள்ளிவிட்டிருந்தால், அதுதான் ஏறியிருக்கும். ஏற்கெனவே மூச்சு முட்டும் உடம்பில்.

லிஸி அந்த டிரேயை அப்படியே எடுத்துக்கொண்டு போய், வேறொன்றைக் கொண்டு வந்தாள். மணி ஏழு முப்பத்தைந்து. ஏழு ஐம்பதுக்கு இத்தா மெஷினில். ஒன்பது மணிக்கு மூச்சு சீரானது. பத்து மணிக்கு, "ஒரு சாயா கிடைக்குமா, பாதி கிளாஸ்?" என்று கேட்டு லிஸியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

யோசித்துப் பார்த்தால் அன்று காலை அந்த அறையில் 'முடியாது' என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒன்று நான் எழுதிய சட்டம். இன்னொன்று லிஸி. இரண்டுமே சொந்தக்காரர் சம்மதத்துக்கு மசியவில்லை. ஒன்று இத்தாவைக் கொல்லப் பார்த்தது, இன்னொன்று காப்பாற்றியது. என்ன வித்தியாசம்? 'முடியாது' என்று சொல்லிவிட்டு என் சட்டம் சும்மா இருந்தது. லிஸி சும்மா இருக்கவில்லை. ஆக்சிஜன் கொடுத்தாள், ஆம்புலன்ஸை நிறுத்தி வைத்தாள், டாக்டரைப் பிடித்தாள், கவரை நீட்டினாள். மறுப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

மறுநாளே உட்கார்ந்து, கம்ப்யூட்டர் எழும் நேரத்துக்கென்று தனிச் சட்டம் எழுதினேன். கம்ப்யூட்டர் எழுந்தபோது முனகியதை எல்லாம் வரி வரியாகப் படித்தேன். அந்தக் குட்டிப் புரோகிராமுக்குத் தனி லேபிள் கொடுத்தேன். டிஸ்க்கைச் சரிபார்க்கலாம், திறக்கலாம், திறந்ததைக் குறித்து வைக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. பூட்டை எடுத்துவிடவில்லை. திருடன் பயம் போய்விடவில்லையே.

பிறகு லிஸியிடம் கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை இதை நான் அணைச்சுப் போட்டுப் பார்க்கணும். வாராவாரம்."

ஸ்டிக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எத்தர பிராவசியம்?"

"மூணு தடவை."

"ஞான் கூட நிக்கணும்" என்றாள். லீவு நாளில் வந்து கூடவே நின்றாள். மூன்று தடவை அணைத்தோம். மூன்று தடவையும், பூட்டுகள் எல்லாம் போட்டபடியே, நோயாளிகள் பட்டியல்வரை தானாக எழுந்து வந்தது. மூன்றாவது தடவை எழுந்ததும் லிஸி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, டயாலிசிஸுக்கு வந்த இத்தாவுக்கு மனசு சரியில்லை. ஒரு வாரமாகவே உறுத்திக்கொண்டிருந்ததாம். லிஸி ஊசி போட வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, அன்னைக்கு உன்னை என்னென்னமோ ஏசிட்டேன். கல்நெஞ்சுன்னு சொல்லிட்டேன். மனசில வெச்சுக்காதே."

லிஸி சிரித்துவிட்டாள். "அய்யோ இத்தா, ஏசின வரைக்கும்தான் எனக்கு சமாதானம். ஏசறதுக்கு மூச்சு வேணுமே. எப்ப பேச்சு நின்னு மிண்டாம ஆயிடுவீங்களோன்னுதான் எனக்குப் பேடி, பயம்."

அப்படியென்றால், அந்த அரை மணி நேரமும், வசவை வாங்கிக்கொண்டே, அதில் எத்தனை மூச்சு மிச்சம் இருக்கிறது என்று இவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்தத் தெருவிலேயே அதிகம் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள், அப்படியே நின்றேன்.

லிஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.